பில்லில் அப்பா பெயர்: அயர்லாந்தில் ஒரு முகவரிச் சான்றுக்கான அலைச்சல்

கேள்வி, 2025 மார்ச் 2

டப்ளினுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வாடகை வீட்டின் மின் இணைப்பை என் பெயருக்கு மாற்றினேன். வந்த பில்லில் என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது, அப்பாவின் பெயர் முழுதாக நிற்கிறது. பாஸ்போர்ட்டும் பில்லும் பொருந்தவில்லை என்று வங்கியில் கணக்குத் தொடங்க மறுக்கிறார்கள். மின் நிறுவனத்தை அழைத்தால், பெயரை மாற்றத் திருமணச் சான்றிதழோ பெயர் மாற்றப் பத்திரமோ வேண்டும் என்கிறார்கள். நான் பெயரை மாற்றவே இல்லையே! இந்த நாட்டில் யாரிடம் போய் முறையிடுவது?

2025 மார்ச் 2, இரவு

2016இல் கிளேர் கவுண்டிக்கு வந்தபோது எனக்கு நடந்ததை நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள். அதனால் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

தொலைபேசியை இன்றோடு விடுங்கள். மணிக்கணக்கில் இசை கேட்டு, கடைசியில் அன்பாகப் பேசும் ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லி, மறுநாள் இன்னொருவரிடம் அதையே சொல்வதில் உங்கள் விடுமுறை நாட்கள்தான் கரையும். மின்னஞ்சல் எழுதுங்கள். தலைப்பிலேயே ‘முறையான புகார்’ என்று போடுங்கள். அந்தச் சொல் இல்லாத கடிதத்தை விசாரிப்பு என்று பதிவு செய்துகொண்டு மூடிவிடுவார்கள். அந்தச் சொல் இருந்தால் புகார் எண் கொடுத்தாக வேண்டும், எழுத்தில் பதிலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் தீராவிட்டால் எரிசக்தி, தண்ணீர் ஆகியவற்றுக்கான ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.யு.விடம் போகலாம். இணையம், தொலைபேசி என்றால் அவற்றுக்கான ஒழுங்குமுறை ஆணையமான காம்ரெக். அரசுத் துறை என்றால் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர்.

வங்கிக்கு மின்சார பில் ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள். ஏற்கும் ஆவணங்களின் முழுப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். உங்கள் முகவரிக்கு அரசுத் துறையிலிருந்து வந்த கடிதத்தைப் பல வங்கிகள் ஏற்கின்றன. வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்ணான பி.பி.எஸ். எண் வந்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

2025 மார்ச் 4

இங்கே இன்னொருவர், பி.பி.எஸ். எண்ணே இன்னும் வரவில்லை, உறவினர் வீட்டில் இருக்கிறேன், எந்த பில்லும் என் பெயரில் இல்லை என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் அசல் பில்லோடு, நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் வைத்தால் போதும். இதைக் கவுண்ட்டரில் தாமாகச் சொல்பவர் குறைவு, கேட்டால் சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள். அந்த எண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் அவசர வரி என்று 40 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பிறகு திரும்ப வரும் என்பது உண்மைதான். முதல் மாதச் சம்பளத்தை நம்பி வாடகைக்கு முன்பணம் கட்டியவருக்கு அந்தப் ‘பிறகு’ எந்த உதவிக்கும் ஆகாது.

என் கதைக்கு வருகிறேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. கிவன் நேம் என்ற இடத்தில் என் பெயரும் அதன் பின்னால் அப்பா பெயரும். நம்மூரில் இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து, நாம் முழுப் பெயராக இருப்போம். இங்கே படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது, முதல் சொல்லைச் சுருக்குகிறது. மகன் எழுத்தாகிவிடுகிறான், தகப்பனார் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். மின்சாரம், இணையம், குப்பை எடுப்பவர் என்று மூன்று நிறுவனங்களில் மூன்று விதமாக என் பெயர் பதிவானது. ஒரு நிறுவனம் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று என் பெயரையே இரண்டு முறை அச்சிட்டது.

எனக்கு வாய்த்த ஊழியர்கள் யாருமே கடுமையாகப் பேசவில்லை. ஒரு பெண், நான் சொல்வது முழுக்க நியாயம், ஆனால் திரையில் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, என்னால் தொட முடியவில்லை என்றார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்வேன். அவருடைய அதிகாரம் எங்கே முடிகிறது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி: இந்தக் கட்டத்தைத் திருத்தும் அதிகாரம் எந்தப் பிரிவிடம் இருக்கிறது?

2025 மார்ச் 5

மார்ச் 2இல் எழுதியதில் பெரிய பிழை செய்திருக்கிறேன். காலையில் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

‘பெயர் மாற்றம்’ என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் எங்கேயும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லைச் சொன்ன நொடியில் ஊழியர் பெயர் மாற்றப் படிவத்தைத் திறப்பார், அது திருமணச் சான்றிதழையும் பத்திரத்தையும் கேட்கும். நீங்கள் கேட்பது திருத்தம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் உங்களைப் பற்றித் தவறான விவரம் வைத்திருந்தால் அதைத் திருத்தச் சொல்லும் உரிமையை அதன் 16ஆம் பிரிவு தருகிறது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் அவகாசம் நீட்டிக்கலாம், அதையும் காரணத்தோடு உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். கட்டணம் இல்லை. மறுத்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தின் அடியில் தரவுப் பாதுகாப்பு அலுவலரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பாமல் நேரே அங்கே அனுப்புங்கள். கூடவே பாஸ்போர்ட்டின் நகல், தவறான பில்லின் நகல், எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே வரி. நான்கு பக்கம் எழுத வேண்டாம். 2016இல் நான் நான்கு பக்கம் எழுதினேன், யாரும் படிக்கவில்லை.

தொலைபேசியை விடுங்கள் என்று சொன்னதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்கிறார்களே, அந்தப் பதிவும் உங்களுடைய தரவுதான். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் அதன் நகலைக் கேட்கலாம். ஊழியர் ஒருவர் தொலைபேசியில் வாக்குக் கொடுத்து, நிறுவனம் பிறகு மறுத்தால் இது கைகொடுக்கும். தேதி, நேரம், பேசியவரின் முதல் பெயர் மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள்.

2025 மார்ச் 9

கடிதம் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஏப்ரல் 9 என்று நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பில்லில் இன்னொன்றைப் பாருங்கள். எம்.பி.ஆர்.என். என்று 11 இலக்க எண் இருக்கும். அது உங்கள் வீட்டு மின் இணைப்பின் எண். நிறுவனம் மாறினாலும் குடியிருப்பவர் மாறினாலும் அது மாறாது. பெயர்ப் பிழை கண்ணில் படும். இந்த எண்ணில் பிழை இருந்தால் ஆண்டுக்கணக்கில் தெரியாது.

நாங்கள் முதலில் குடியிருந்தது கிளேரில் உள்ள என்னிஸ் நகருக்கு வெளியே, டவுன்லேண்ட் என்று சொல்லும் ஒரு சிறு ஊர்ப்பகுதியில். தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் வீட்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரி. மின் நிறுவனம் கணக்குத் தொடங்கும்போது எங்கள் பெயரில் அவருடைய இணைப்பைச் சேர்த்துவிட்டது. எங்கள் இணைப்பு அவர் கணக்கில் போய் உட்கார்ந்தது. அவர் இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் மகள் வீட்டில் இருந்தார். ஆளில்லாத அந்த வீட்டின் சொற்பக் கட்டணத்தை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு குளிர்காலமும் நாங்கள் எரித்த மின்சாரத்துக்கு அவர் கட்டினார்.

எங்கள் பில் இவ்வளவு குறைவாக வருகிறதே என்று எனக்குச் சந்தேகம் வந்து, மீட்டர் பெட்டியில் இருந்த எண்ணையும் பில்லில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது. நானே எழுதித் தெரிவித்தேன். பதிலாக, 22 மாதத்துக்கும் சேர்த்து 1,140 யூரோ உடனே கட்டுங்கள் என்று ஒரு கடிதம். பிழை யாருடையது என்று அதில் ஒரு சொல் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை.

நிறுவனத்தின் தவறால் விடுபட்ட கட்டணம் என்றால், வீட்டு இணைப்புக்கு 14 மாதத்துக்கு முந்தையதை வசூலிக்கக் கூடாது என்று சி.ஆர்.யு.வின் விதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த விதியை ஒரே வாக்கியத்தில் மேற்கோள் காட்டி எழுதியதும் தொகை சுமார் 700 யூரோவாக இறங்கியது, தவணையும் கிடைத்தது. அந்தப் 14 மாத மின்சாரம் நாங்கள் செலவழித்தது, அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. என் கோபமெல்லாம் விதியைத் தெரிந்தும் முதலில் 1,140 கேட்டார்களே என்பதில்தான். விதி தெரியாத எத்தனை பேர் முழுத் தொகையையும் கட்டியிருப்பார்கள்?

2025 மார்ச் 10

அந்த மூதாட்டிக்குப் பணம் திரும்ப வந்ததா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். வந்தது, முழுவதும். ஆனால் எளிதாக இல்லை. அவருக்குப் புகார் செய்வதே பிடிக்கவில்லை. இங்கே ‘கிராண்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நன்றாக இருக்கிறேன், பரவாயில்லை, போதும், வேண்டாம், விட்டுவிடு எல்லாவற்றுக்கும் அதுதான். வெற்று வீட்டுக்கு இவ்வளவு பில்லா என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. ‘கிராண்ட்’ என்று கட்டிவிட்டார். ஷானன் ஆற்றின் அர்ட்னக்ரஷா நீர்மின் நிலையம் 1929இல் திறந்தபோது அது நாட்டுக்கே பெருமை. அது இருப்பதும் இதே கிளேர் கவுண்டியில்தான். மின்சாரத்தைப் பற்றிக் குறை சொல்வதே நன்றிகெட்ட செயல் என்ற நினைப்பு அவர் தலைமுறைக்கு இருந்தது. அவருடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார்.

2025 மார்ச் 17

இன்று பேட்ரிக் திருநாள் விடுமுறை. பேச்சு கொஞ்சம் விலகிப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகவரிக் குழப்பத்துக்கு ஏர்கோடு வந்த பிறகு விடிவு இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது. 2015 ஜூலையில் வந்த அஞ்சல் குறியீடான ஏர்கோடு, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் ஏழு குறிகள் கொண்டது. முதல் மூன்று குறிகள் வட்டாரத்தைக் காட்டும், கடைசி நான்கு அந்த ஒரே வீட்டை. நம்மூர் பின்கோடு ஓர் ஊரையே குறிக்கும், இது ஒவ்வொரு கதவுக்கும் தனி. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் வேறு வேறு ஏர்கோடு இருந்தது. மின் நிறுவனத்தின் படிவத்தில் அதற்கு இடமும் இருந்தது. நிரப்பியும் கொடுத்தேன். கணக்குத் தொடங்கியவர் முகவரி வரியை மட்டும் பார்த்து இணைப்பைத் தேடியிருக்கிறார். தபால்காரருக்கு ஏர்கோடே தேவைப்படவில்லை, யார் யார் வீட்டில் நாய் கடிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். கூரியர் வண்டிக்காரர்களுக்குத்தான் அது உயிர்.

பெயர் விஷயத்தில் நாம் மட்டும் தனியாக அவதிப்படுகிறோம் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். அது தவறு. அந்த மூதாட்டியின் குடும்பப் பெயர் ஐரிஷ் மொழியில் உள்ளது, உயிரெழுத்தின் மேல் ஃபாடா என்ற சாய்கோடு உண்டு. நெடிலைக் காட்டும் குறி அது. நமக்குக் குறிலும் நெடிலும் எப்படியோ அப்படி. அவருக்கு வரும் பார்சல்களில் அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் ஏதேதோ கிறுக்கலும் அச்சாகியிருக்கும். பெயருக்குள் மேற்கோள் குறி உள்ளவர்களை ‘செல்லாத எழுத்து’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் படிவங்களும் உண்டு. தன் சொந்த நாட்டில், அரசியல் சட்டம் முதல் ஆட்சிமொழி என்று சொல்லும் மொழியில் வைத்த பெயரைக் கணினி ஏற்காது! அரசு அமைப்புகளின் கணினிகள் ஐரிஷ் பெயர்களைச் சரியாகப் பதிய வேண்டும் என்று 2021இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதைப் படித்த அன்று அவரிடம் போய்ச் சொன்னேன். தன் பெயரைத் தன் தாய் எழுதிய விதத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

2025 மார்ச் 23

இன்னொரு திருத்தம், இதுவும் முக்கியமானது. அரசுத் துறை என்றால் ஆம்புட்ஸ்மன் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அதை நம்பி ஒருவர் தன் குடியுரிமை விண்ணப்பத் தாமதத்தை அங்கே எழுதப்போவதாகச் சொல்கிறார்.

ஆம்புட்ஸ்மன் அலுவலகம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1984இல் வேலையைத் தொடங்கியது. கட்டணம் இல்லை. முதலில் அந்தத் துறையிடமே புகார் செய்து, அங்கே தீராவிட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். பொதுவாக 12 மாதத்துக்குள் போக வேண்டும். சமூகநலத் துறை, உள்ளாட்சி மன்றம், பொது மருத்துவமனை போன்றவை அதன் வரம்புக்குள் வரும். ஆனால் வெளிநாட்டவர், குடியுரிமை ஆகியவை தொடர்பான சட்டத்தை நிர்வகிப்பதில் எடுக்கும் முடிவுகளை அந்தச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. நமக்கு எந்த வாசல் அதிகம் தேவையோ அந்த வாசல் மூடியிருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? இந்த ஊர்க்காரர்கள் செய்வதைத்தான். நாடாளுமன்றக் கீழவையான டாயிலின் உறுப்பினரை டி.டி. என்பார்கள். தொகுதியில் வாரந்தோறும் மக்களைச் சந்திப்பதைப் பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லாவிட்டாலும் போகலாம். உங்கள் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று துறைக்கு எழுதுவார், அமைச்சரிடம் கேள்வியாகவும் வைப்பார்.

இதில் எனக்கு இரண்டு மனம். ஊரில் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒருவரின் தயவாக வாங்குவது கசக்கிறது. ஆனால் என் மனைவி மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்துக்கொண்டு, ஓர் அரசு அலுவலகத்தின் பதிலுக்காக 14 மாதம் காத்திருந்தாள். மின்னஞ்சல்களுக்கு வந்ததெல்லாம் ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதில். டி.டி. எழுதிய பத்தாம் நாள், ஓர் ஆவணம் குறைகிறது என்று கடிதம் வந்தது. அந்த ஆவணத்தை அவள் முதல் நாளே கொடுத்திருந்தாள், பதிவுத் தபால் ரசீது இருந்தது. கொள்கை பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் காத்திருப்போம். போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒன்றை மறக்காதீர்கள். உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை, இங்கே வசித்தாலே போதும். 2024 ஜூனில் நாங்கள் இருவரும் வாக்களித்தோம். பட்டியலில் பெயர் சேர்க்காதவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 24

தனியார் கடைகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2,000 யூரோ வரையிலான நுகர்வோர் வழக்குகளுக்குச் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது, கட்டணம் 25 யூரோ, வக்கீல் வேண்டாம். உடைந்த சலவை இயந்திரத்துக்காக ஒரு முறை போயிருக்கிறேன். நீதிமன்றப் பதிவாளரின் கடிதம் போனதுமே கடைக்காரர் பணத்தைத் திருப்பிவிட்டார்.

2025 மார்ச் 30

பெயரில் ஓர் எழுத்து முன்பின் இருந்தால் என்ன, வங்கிக்கு வேறு சான்று கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபப்படவில்லை. நானும் ஐந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். மின்சார பில்லைத் திருத்தினேன், இணைய நிறுவனத்தை விட்டுவிட்டேன். பில் கணக்கிலிருந்து தானாகப் போகிறது, யார் பெயரில் இருந்தால் என்ன என்று.

2021 மே மாதம் அப்பா இறந்துபோனார். பெருந்தொற்றின் இரண்டாம் அலை. போக முடியவில்லை. தம்பி தூக்கிப் பிடித்த கைபேசியில் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை வாசலில் ஒரு கடிதம். ‘அன்புள்ள திரு’ என்று தொடங்கி அப்பாவின் பெயர். உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, எங்களோடு நீடித்தால் சலுகை உண்டு என்று அச்சடித்திருந்தது. அப்பா மதுரையைத் தாண்டி வடக்கே சென்னைவரைதான் போயிருக்கிறார். விமானத்தில் ஏறியதில்லை. அவர் பெயர் கிளேரில் என் வீட்டுக் கதவுக்கு வந்து சேர்ந்தது.

அன்று அந்த நிறுவனத்தை அழைத்தேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. மறுமுனையில் இருந்த இளைஞர், வாடிக்கையாளர் இறந்துவிட்டார் என்று புரிந்துகொண்டு, ஆழ்ந்த அனுதாபம் சொல்லி, இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் கணக்கை மூடிவிடுவதாகச் சொன்னார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அன்று இரவுதான் திருத்தக் கோரிக்கையை எழுதினேன், பத்து வரியில். இருபத்தாறாம் நாள் திருத்திவிட்டதாகப் பதில் வந்தது.

ஐந்து வருடம் முன்பே அந்தப் பத்து வரியை எழுதியிருக்கலாம். அதனால்தான் உங்களை இவ்வளவு விரட்டுகிறேன்.

2025 ஏப்ரல் 6

முப்பது நாள்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். மகிழ்ச்சி.

இரண்டு விஷயம். ‘கணக்கில் திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பில் அச்சிடும் முறையில் பழைய பெயர் தங்கிவிடுவது உண்டு, எனக்கு ஒரு சுற்று அப்படி வந்தது. ஆகவே திருத்திய பெயரோடு பழைய பில்லை மறுபடி அச்சிட்டுத் தரச் சொல்லி இன்றே ஒரு வரி அனுப்புங்கள், வங்கிக்கு அதையே கொண்டுபோகலாம். அடுத்த பில் மே மாதம் வரும். வந்ததும் தொகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெயரைப் பாருங்கள். அப்படியே அந்த 11 இலக்கங்களையும் மீட்டரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.